விரிசலைப் பூசும் முன் வாசிப்போம்

எட்டாம் வகுப்பில் வெப்ப விரிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ரயில் தண்டவாளங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியைச் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம ஊர்ல வேற எங்க இதைப் பார்க்கலாம்?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கையை உயர்த்திச் சுவரைக் காட்டினான். "அந்தக் கோடும் அதுதானா டீச்சர்?"

கான்கிரீட் தளமும் சுவரும் சேருமிடத்தில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு விரிசல் ஓடியது. ஆறு ஆண்டுகளாக அதே வகுப்பறையில் பாடம் நடத்துகிறேன். ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. "ஆமா, அதேதான்" என்றேன். விடவில்லை அவன். "எங்க வீட்ல குறுக்கால சாஞ்சு போகுதே டீச்சர், அது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். உண்மையில் அதே போன்ற ஒரு சாய்வு விரிசல் என் வீட்டிலும் இருந்தது. அதை மூன்று முறை பட்டி வைத்து மூடி, மேலே வண்ணமும் அடித்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நாம் யாரும் பொறியாளர்கள் அல்லர். ஆனால் ஒரு விரிசலைப் பார்த்ததும் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது பொறியாளரை அழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நம் பாடநூல் அறிவியலே போதும்.

என் வீட்டுக் கதை

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய வீடு. வங்கிக் கடன் வாங்கி 2011-இல் கட்டினோம். நான்கு அடி ஆழத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் அடுக்கி, மேலே செங்கல் சுவர். வடமேற்கு மூலையில் குடிபுகுந்த அன்று ஒரு வேப்பங்கன்று நட்டோம். சுவரிலிருந்து ஆறடி தூரம்கூட இருக்காது.

ஆறேழு ஆண்டுகளில் அந்த மூலையை ஒட்டிய ஜன்னலின் மேல் முனையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. "பூச்சு வெடிப்புதான் டீச்சர், பட்டி பார்த்தா சரியாப் போயிரும்" என்றார் கொத்தனார். சரியாகத்தான் போனது. அடுத்த சித்திரையில் மீண்டும் வந்தது. மறுபடியும் பட்டி. மூன்றாவது முறை வந்தபோது, பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா மகனை அழைத்துக் காட்டினேன். அவர் விரிசலைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தார்.

"பட்டி வைக்கிறதுக்கு முன்னாடி தேதி போட்டு அளந்து வச்சியாம்மா?"

"இல்லண்ணே."

"டீச்சரா இருந்துக்கிட்டு மூணு வருஷக் கணக்கை அழிச்சிட்டியே."

விரிசல் தானே நோயாக இருப்பது அரிது. பெரும்பாலும் அது நோயின் அறிகுறி. காய்ச்சலுக்கு மாத்திரை போடுவதற்கு முன் வெப்பமானி வைத்துப் பார்ப்பது போல, பூசுவதற்கு முன் விரிசலை வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, வளர்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சாக்பீஸ் சொல்லும் பாடம்

விரிசல் ஏன் வருகிறது என்பதைச் சாக்பீஸ் ஒன்றை வைத்தே வகுப்பில் காட்டலாம். சாக்பீஸின் இரு முனைகளையும் விரல்களால் உள்நோக்கி அழுத்துங்கள். எளிதில் உடையாது. இப்போது இலேசாக வளையுங்கள். பட்டென்று முறியும். வளைக்கும்போது ஒரு பக்கம் அழுந்துகிறது, மறு பக்கம் இழுபடுகிறது. முறிவு தொடங்குவது இழுபடும் பக்கத்தில். செங்கல், காரை, கான்கிரீட் எல்லாமே இந்தச் சாக்பீஸின் உறவினர்கள்தான். கான்கிரீட் தாங்கும் அமுக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவிசையைத்தான் அதனால் தாங்க முடியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம்.

அடுத்து இன்னொரு சாக்பீஸை எடுத்து, ஈரத் துணியைப் பிழிவது போல இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் முறுக்குங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். நேராக இருக்காது. சுமார் 45 டிகிரி சாய்வில் சுருள் போல உடைந்திருக்கும். நாம் எங்கேயும் சாய்வாக இழுக்கவில்லை. ஆனாலும் முறுக்கும்போது உள்ளே சாய்வான திசையில் ஓர் இழுவிசை பிறக்கிறது, அதற்குச் செங்குத்தாக அது உடைகிறது. சுவரின் ஒரு பகுதி கீழிறங்கி மறு பகுதி அசையாமல் நின்றாலும் இதே போன்ற சாய்வு இழுவிசை பிறக்கும். அதனால்தான் சாய்வு விரிசலைக் கண்டால் பொறியாளர்கள் நின்று பார்க்கிறார்கள்.

இடமும் திசையும்

வீடுகளிலும் பள்ளிகளிலும் நாம் அதிகம் காணும் விரிசல்கள் இவை.

வலைப்பின்னல் விரிசல்: சிலந்தி வலை போல, வறண்ட கண்மாய்த் தரை போல, பூச்சின் மேல் பரவியிருக்கும் மயிரிழைக் கோடுகள். பூச்சுக் கலவையில் சிமெண்ட் கூடினாலும், பூசிய பிறகு போதுமான நாட்கள் தண்ணீர் விட்டு ஊற வைக்காவிட்டாலும் வரும். கட்டடத்தின் உறுதிக்கு இதனால் கேடில்லை. நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்தப் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அது கீழே விழக்கூடும், அந்த அளவுக்கு மட்டும் கவனம் தேவை.

தளத்தை ஒட்டிய கிடைமட்ட விரிசல்: என் மாணவன் காட்டியது இதுதான். பத்தாம் வகுப்பு வெப்ப இயற்பியலின் நீள் விரிவுக் கணக்கை இங்கே போடலாம். கான்கிரீட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். 10 மீட்டர் நீளத் தளம் அதிகாலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. நீளும். செங்கல் சுவர் விரிவது அதில் ஏறக்குறையப் பாதிதான். வெயிலும் சுவர் மேல் நேராக விழுவதில்லை. தளம் நகர, சுவர் நிற்க, இடையில் கோடு விழுகிறது. மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பது, வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பூச்சு அடிப்பது ஆகியவை இதைக் குறைக்கும். கம்பியும் கான்கிரீட்டும் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. அப்படி இல்லையென்றால் கம்பி வைத்த கான்கிரீட் என்ற ஒன்றே சாத்தியமாகியிருக்காது.

தூணும் சுவரும் சேரும் செங்குத்து விரிசல்: கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. பூசும்போதே இணைப்பின் மேல் கோழிவலை அடித்துப் பூசினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனால் விரிசல் இணைப்பில் இல்லாமல் தூணின் மேலேயே இருந்தால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜன்னல், கதவு மூலைகளில் கிளம்பும் சாய்வு விரிசல்: காகிதத்தில் ஒரு சதுரத் துளை வெட்டிவிட்டு இழுத்தால் எங்கே கிழியும்? மூலையில்தான். சுவரிலும் பலவீனமான இடம் அதுவே. மூலையிலிருந்து ஒரு சாண் போய் நின்றுவிட்டால் பெரும்பாலும் சுருக்கத்தால் வந்ததாக இருக்கும். அங்கிருந்து படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகள் வழியே இறங்கியோ ஏறியோ நீண்டு, சுவரின் மறு பக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட விரிசலில் எங்கே அகலம் அதிகம் என்பதையும் பாருங்கள். நீளமான ரப்பர் ஒன்றின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நடுவில் பிளேடால் சிறிதாகக் கீறுங்கள். ஆசிரியரே இதைச் செய்வது நல்லது. ஓரங்களைக் கீழ்நோக்கி வளைத்தால் மேல் கீறல் வாய் திறக்கும். நடுப்பகுதியைக் கீழே அழுத்தினால் கீழ்க் கீறல் திறக்கும். சுவரிலும் இப்படித்தான். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் கட்டடத்தின் ஓரம் இறங்கியிருக்கக்கூடும். கீழே அகலம் என்றால் நடுப்பகுதி இறங்கியிருக்கக்கூடும். என் வீட்டு விரிசல் மேலேதான் அகலம். வேப்பமரம் நின்ற மூலை இறங்கியிருந்தது.

கம்பி போகும் வழியில் நேர்க்கோட்டு விரிசல்: தளத்தின் அடியிலோ உத்திரத்திலோ கம்பிக்கு இணையாக ஓடும். கூடவே பழுப்பு நிறக் கறை. இது துருவின் வேலை. புதுக் கான்கிரீட் வலிமையான காரத்தன்மை கொண்டது, அதன் pH மதிப்பு 12-க்கும் மேல். அந்தக் காரம் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைக்கிறது. தளத்தில் கம்பிக்குக் கீழே 15 முதல் 20 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூச்சு மட்டும் இருந்தாலோ, உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தாலோ கேடு சீக்கிரம் வரும். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும். இதன் மேல் பூசுவது துருவை மறைக்கும், நிறுத்தாது.

கரிசல் மண்ணின் மூச்சு

கரிசலில் மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நிறைந்திருக்கிறது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். கோடையில் நம் பருத்திக் காடுகளில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்போம். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. வீட்டின் நடுவே மண்ணின் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரங்களில் மாறுகிறது. ஓரம் ஏறி இறங்க, நடு அசையாமல் நிற்க, சுவர் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ் போல் அகன்ற தூண் அஸ்திவாரத்தை வளர்த்தெடுத்தது. ஈரம் மாறும் மேல் மண்ணைத் தாண்டி, ஆழத்தில் அசையாத மண்ணில் அது ஊன்றி நிற்கும். பொதுவாக மூன்றரை மீட்டராவது ஆழம் தேவைப்படும். எங்கள் நான்கு அடி எங்கே, அந்த மூன்றரை மீட்டர் எங்கே!

எங்கள் மூலையில் வேப்பமரமும் சேர்ந்துகொண்டது. கோடையில் அதன் வேர்கள் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சின. "அப்ப மரத்தை வெட்டிரலாமாண்ணே?" என்றேன். "அவசரப்படாதம்மா. பெரிய மரத்தைத் திடீர்னு எடுத்தா மண்ணு ஈரம் குடிச்சு உப்பும். அது வேற பக்கம் வெடிக்கும். மொதல்ல ஒரு வருஷம் அளந்து பாரு" என்றார்.

அளப்பது எப்படி?

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு அருகே தேதி எழுதுங்கள். நுனி கோட்டைத் தாண்டினால் விரிசல் நீள்கிறது. அகலத்தை அளக்க, நாம் பயன்படுத்தும் 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ., ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள். எத்தனை தாள், எத்தனை அட்டை உள்ளே நுழைகிறது என்று எண்ணினால் போதும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள். பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1984-இல் வெளியிட்ட கையேடு, விரிசல்களை 1 மி.மீ.க்குக் குறைந்தவை, 1 முதல் 2 மி.மீ. வரை, 2 மி.மீ.க்கு மேற்பட்டவை என மூன்றாகப் பிரிக்கிறது. ஆனால் அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. பத்து ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் 3 மி.மீ. விரிசலைவிட, மாதந்தோறும் வளரும் 1 மி.மீ. விரிசல்தான் கவலைக்குரியது.

என் வீட்டில் மே மாதத்தில் ஐந்து அட்டைகள் நுழைந்தன. டிசம்பரில் இரண்டு. அடுத்த மே மாதம் மீண்டும் ஐந்து. கோடையில் திறந்து மழையில் மூடியது. தொடர்ந்து இறங்கவில்லை, மண்ணோடு சேர்ந்து மூச்சு விடுகிறது என்பது தெரிந்தது. அதற்கேற்ற சிகிச்சையைச் செய்தோம். வேம்பின் கிளைகளை ஆண்டுதோறும் கழித்தோம். குளியலறைத் தண்ணீரும் மாடி மழைநீரும் சுவரோரம் தேங்காமல் குழாய் வழியே தள்ளிக் கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்குத் தண்ணீர் இறங்காத தளம் போட்டோம். அசைவு குறைந்த பிறகுதான் விரிசலின் குறுக்கே கம்பி வைத்துத் தைத்துப் பூசினோம். மூன்று முறை பட்டிக்கும் வண்ணத்துக்கும் கொடுத்த பணம்தான் வீண்.

காத்திருக்கக் கூடாதவை

எல்லா விரிசலையும் ஓராண்டு அளந்துகொண்டிருக்க முடியாது. கீழே உள்ளவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தில் ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டு, உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

• தூணில் செங்குத்தாகவோ சாய்வாகவோ விரிசல், அல்லது தூணின் கான்கிரீட் பிதுங்கி உதிர்தல்.
• உத்திரம் தூணில் உட்காரும் இடத்துக்கு அருகே சாய்வு விரிசல்.
• தளத்தின் அடியில் துருக்கறையோடு விரிசல், கம்பி வெளியே தெரிதல், தட்டினால் பொள்ளல் சத்தம்.
• சுவர் சாய்ந்திருத்தல் அல்லது வயிறு தள்ளியிருத்தல். குறிப்பாகக் கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், மாடிக் கைப்பிடிச் சுவர்.
• நேற்று வரை சரியாக மூடிய கதவு, ஜன்னல் திடீரென்று சிக்குதல். அதோடு புது விரிசல்.
• மழையின்போதோ, பக்கத்தில் குழி தோண்டியபோதோ ஓரிரு நாளில் அகலமான விரிசல்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்களை இழந்தோம். வகுப்பறையைப் பார்க்கிற அளவுக்குக் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் நாம் பார்ப்பதில்லை. ஐயம் எழுந்தால் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், படமும் தேதியும் அளவும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். பொறியாளர் வந்து பார்க்கும் வரை அந்தப் பக்கம் கயிறு கட்டிப் பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

வகுப்பிலிருந்து வீட்டுக்கு

மறுநாள் அந்த மாணவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில், மூன்று வாரம் தாமதமாகச் செயல்திட்டமாக வந்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு விரிசலைத் தேர்ந்தெடுத்து, படம் வரைந்து, இடம், திசை, அகலம், தேதி குறித்து வர வேண்டும். தொடாமல், ஏறாமல், தரையில் நின்று பார்க்க முடிந்தவற்றை மட்டும். சுவரை அளக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

படங்கள் வந்தன. பெரும்பாலானவை வலைப்பின்னலும் மூலை விரிசலும்தான். சாய்வு விரிசலைப் பற்றிக் கேட்டவனின் வீட்டில், பின்சுவரை ஒட்டிக் கழிவுநீர் தேங்குவதை அவனே கண்டுபிடித்து எழுதியிருந்தான். ஒரு மாணவியின் படத்தில் நான்கு இணை கோடுகளும், அவற்றின் மேல் பழுப்பு வண்ணப் பென்சிலால் தேய்த்த கறையும் இருந்தன. பழைய தொகுப்பு வீடு. "இது எங்கம்மா?" என்று கேட்டேன். "எங்க ஆச்சி கட்டிலுக்கு நேர் மேல டீச்சர்."

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தந்தை, "பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு டீச்சர்" என்றார். ஆச்சியும் கட்டிலை நகர்த்தச் சம்மதிக்கவில்லை. காற்று வரும் இடம் அதுதானாம். நான் நீண்ட கம்பு ஒன்றை வாங்கி, தள்ளி நின்று தளத்தின் அடியில் தட்டிக் காட்டினேன். நல்ல இடத்தில் ஒரு சத்தம், கட்டிலுக்கு மேலே ஒரு சத்தம். அதைக் கேட்ட பிறகு அவரே கட்டிலைத் திண்ணைக்குத் தூக்கிப் போட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, தோசைக்கல் அளவு கான்கிரீட் பாளம் ஒன்று கட்டில் கிடந்த இடத்தில் விழுந்தது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே அந்த மாணவி என்னிடம் ஓடி வந்து சொன்னாள். வீட்டைப் பழுது பார்க்க ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி இப்போது திண்ணையில்தான் படுக்கிறார். அங்கும் காற்று வருகிறதாம்.

எங்கள் வகுப்பறைத் தளத்தடி விரிசலின் இரு நுனிகளிலும் இப்போது பென்சில் கோடும் தேதியும் இருக்கின்றன. மேசை மேல் ஏறி நான் போட்டவை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அளவைச் சுவரேட்டில் எழுதுவது மாணவர்களின் பொறுப்பு. ஒரே விரிசலைப் பிடித்துக்கொண்டு வெப்பம், விசை, உலோக அரிமானம், மண், அளவீடு என்று ஐந்து பாடங்களுக்குப் போய்வர முடிகிறது. அடுத்த முறை உங்கள் வகுப்பறைக்குள் நுழையும்போது, கரும்பலகையைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் தலையை உயர்த்தித் தளத்தையும் சுவர்களையும் பாருங்கள்.